மூளை அலைப் பதிவை எம்என்இ-பைத்தானில் அலசுவது எப்படி

இஇஜி (தலையில் மின்முனை வைத்து எடுக்கும் மூளை அலைப் பதிவு) பதிவுகளை அலசும் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு: தவறான தரவைக் கொடுத்தாலும் அழகான படம் வரைந்து தந்துவிடும். ஈவென்ட் (ஒலி, படம் போன்ற தூண்டல் வந்த கணம்) நேரம் 40 மில்லிசெகண்ட் தள்ளிப் போயிருந்தாலும், ஒரு சேனலின் மின்முனை தலையிலிருந்து கழன்று தொங்கியிருந்தாலும் பிழைச் செய்தி வராது. அதனால் ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்கொண்டது எம்என்இ-பைத்தான், பைத்தான் மொழியில் ஓடும் இஇஜி அலசல் தொகுப்பு. இஇஜிலேப், ஃபீல்ட்டிரிப் இரண்டும் நல்ல கருவிகள், இலவசமும்கூட. ஆனால் அவற்றை முழுமையாகப் பயன்படுத்தப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் மேட்லேப் வேண்டும். பிரெயின்ஸ்டார்மை மேட்லேப் உரிமம் இல்லாமலும் ஓட்டலாம். மவுஸால் சொடுக்கியே வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். எம்என்இ-யில் அடி முதல் நுனி வரை எல்லாமே திறந்த மூலம், பிஎஸ்டி உரிமம். செய்த வேலை முழுக்க ஒரு ஸ்கிரிப்டாக நிற்பதால் ஆறு மாதம் கழித்தும் அதே எண்களை மீண்டும் எடுக்க முடியும்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுவுதல்

எம்என்இ தளத்திலேயே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி இன்ஸ்டாலர் இருக்கிறது. பைத்தானுக்குப் புதியவர் என்றால் அதுவே போதும். பைத்தான் பழகியவர்கள் காண்டா-ஃபோர்ஜ் (பைத்தான் தொகுப்புகள் கிடைக்கும் களஞ்சியம்) வழியாக, இதற்கென்று ஒரு தனிச் சூழல் உருவாக்கி அதில் போடுங்கள். வேறு வேலைக்கு வைத்திருக்கும் சூழலிலேயே போட்டால், அலைகளைக் காட்டும் கியூட்டி ஜன்னல் திறக்காமல் போவதுதான் வழக்கமாக வரும் தொல்லை. நிறுவி முடித்ததும் ‘சிஸ் இன்ஃபோ’ கட்டளையை ஓட்டி, வரும் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.

நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 64 சேனல், நொடிக்கு 1000 சாம்பிள் (அளவீடு), ஒரு மணி நேரப் பதிவு, ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட். மொத்தம் சுமார் 1.84 ஜிபி. இடையில் ஒரு நகல் எடுத்தால் இரட்டிப்பாகும். 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் ஓடும். ஆனால் நான்கைந்து நகல்களைத் திறந்து வைத்தால் திணறும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை அப்படியே ஒட்டாதீர்கள். அலைவரிசைப் படத்துக்கு (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் படம்) அவற்றில் ‘பிளாட் பிஎஸ்டி’ என்று இருக்கும். 1.2 பதிப்பிலிருந்து ‘கம்ப்யூட் பிஎஸ்டி’ செய்து, அதன் விடையை வரைவதுதான் முறை.

முதல் பயிற்சி: கண் மூடினால் ஆல்ஃபா

சொந்தத் தரவைத் தொடுமுன், விடை முன்பே தெரிந்த ஒரு பதிவில் எல்லாப் படிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட காலத்திலிருந்து தெரிந்த ஒன்று: கண்ணை மூடினால் தலையின் பின்புறத்தில் 10 ஹெர்ட்ஸ் அருகே ஆல்ஃபா அலை பெருகும், திறந்தால் அடங்கும்.

பிசியோநெட் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் 109 பேரின் 64 சேனல் பதிவுகள் பொதுவில் கிடக்கின்றன. கை கால் அசைவையும் அசைவுக் கற்பனையையும் ஆராய எடுத்தவை அவை. ஒவ்வொருவருக்கும் 14 ஓட்டங்கள். முதல் ஓட்டம் கண் திறந்த ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடிய ஒரு நிமிடம். எம்என்இ-யின் ‘இஇஜிபிசிஐ’ பகுதியில் உள்ள ‘லோட் டேட்டா’வுக்கு ஆள் எண்ணையும் ஓட்ட எண்ணையும் கொடுத்தால் இடிஎஃப் (இஇஜி பதிவுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்புகள் இறங்கிவிடும்.

இந்தக் கோப்புகளில் சேனல் பெயர்களின் வாலில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஸ்டாண்டர்டைஸ்’ கட்டளை அவற்றைத் துடைத்துவிடும். அதன் பிறகே ‘செட் மான்டாஜ்’ வழியாக ‘ஸ்டாண்டர்ட் 1005’ என்ற மின்முனை இட வரைபடத்தைப் பொருத்துங்கள். வரிசை மாறினால் பெயர் பொருந்தவில்லை என்று அங்கேயே நின்றுவிடும். எல்லாக் கோப்புகளிலும் சாம்பிளிங் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நம்ப வேண்டாம்: பெரும்பாலானவை 160 ஹெர்ட்ஸ், ஒரு சிலருடையது மட்டும் 128. பலரை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் இந்த இடத்தில்தான் முறியும்.

இரண்டு ஓட்டங்களுக்கும், பதிவைத் துண்டுகளாக்கிச் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் ‘கம்ப்யூட் பிஎஸ்டி’ செய்யுங்கள். 160 ஹெர்ட்ஸ் பதிவுக்கு ‘என் எஃப்எஃப்டி’ 640 என்று கொடுத்தால் ஜன்னல் 4 நொடி, அதாவது 0.25 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். தலையின் பின்புறத்தில் உள்ள ஓ1, ஓஇசட், ஓ2 சேனல்களை மட்டும் வரையுங்கள். கண் மூடிய ஓட்டத்தில் 8–13 ஹெர்ட்ஸுக்குள் ஒரு கூம்பு எழ வேண்டும். படம் டெசிபெலில் இருக்கும். 10 டெசிபெல் வித்தியாசம் என்றால் ஆற்றல் பத்து மடங்கு. அங்கே வராவிட்டால் எல்லாச் சேனல்களையும் வரைந்து பாருங்கள்: கூம்பு நெற்றிப் பக்கத்தில் மட்டும் வந்தால் சேனல் பெயர்கள் இடம் மாறியிருக்கக்கூடும். எங்குமே வரவில்லை என்றால் அடுத்த ஆளின் பதிவைப் பாருங்கள், சிலருக்கு ஆல்ஃபா இயல்பாகவே குறைவு. 60 ஹெர்ட்ஸில் தெரியும் ஊசி அமெரிக்க மின்சாரத்தின் இரைச்சல். இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்த பதிவில் அது 50-இல் நிற்கும்.

சொந்தக் கோப்பைத் திறக்கும்போது

கருவிக்குக் கருவி கோப்பு வடிவம் மாறும். மருத்துவமனைக் கருவிகளிலிருந்து பெரும்பாலும் இடிஎஃப் வரும். பயோசெமி பிடிஎஃப் (BDF; ஆவணங்களுக்கான PDF அல்ல) தரும். பிரெயின்விஷன் ஒரே பதிவை மூன்று கோப்புகளாகத் தரும்: தலைப்பு, குறிப்பான், தரவு. இந்த மூன்றையும் கோப்புறையில் வைத்தே பெயர் மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தலைப்புக் கோப்புக்குள் மற்ற இரண்டின் பழைய பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். மாற்றிய பிறகு எம்என்இ தேடும் கோப்பு அங்கே இருக்காது. தலைப்புக் கோப்பு வெறும் உரைதான். நோட்பேடில் திறந்து அந்த வரிகளைத் திருத்தலாம், குறிப்பான் கோப்பிலும் ஒரு வரி இருக்கும். எம்என்இ-பிட்ஸ் தொகுப்பில் இதற்கென்றே ஒரு நகலெடுக்கும் கட்டளையும் உண்டு.

இடிஎஃப் கோப்பில் கவனிக்க வேண்டியது வேறு. அதன் தலைப்பில் நோயாளி விவரத்துக்கென்று 80 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வரும் கோப்பில் பெயரும் பிறந்த நாளும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கோப்பின் பெயரை மாற்றினால் அது போகாது. ‘அனானிமைஸ்’ கட்டளை நினைவகத்தில் உள்ள விவரத்தை மட்டுமே அழிக்கும். புதிய கோப்பாகச் சேமித்து, அதைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனைப் பதிவுகளில் சேனல் பெயருக்கு முன்னால் ‘இஇஜி’ என்றும் பின்னால் ‘ரெஃப்’ என்றும் ஒட்டியிருப்பது சாதாரணம். ‘ரீநேம் சேனல்ஸ்’ மூலம் நறுக்கிவிடுங்கள். பழைய பெயரிடலில் டி3, டி4, டி5, டி6 என்று இருப்பவைதான் இன்று முறையே டி7, டி8, பி7, பி8. கண் அசைவு, இதயத் துடிப்புச் சேனல்களின் வகையை ‘செட் சேனல் டைப்ஸ்’ கொண்டு மாற்றுங்கள். இடிஎஃப் வாசிப்பான் எல்லாவற்றையும் இஇஜி என்றே எடுத்துக்கொள்ளும்; அப்படியே விட்டால் பின்னால் சராசரி ரெஃபரன்ஸுக்குள் (எல்லாச் சேனல்களின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழிப்பது) இதயத் துடிப்பும் கலந்துவிடும்.

அடுத்து அலகு. எம்என்இ உள்ளே எல்லாவற்றையும் வோல்ட்டில்தான் வைத்திருக்கும். முறையான வடிவங்களை வாசிக்கும்போது அதுவே மாற்றிக்கொள்ளும். சிஎஸ்வி கோப்பிலிருந்தோ மேட்லேப் அணியிலிருந்தோ நீங்களே எண்களைக் கொடுக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அவை பெரும்பாலும் மைக்ரோவோல்ட்டில் இருக்கும். 10 லட்சத்தால் வகுத்துக் கொடுங்கள். சரிபார்க்க எளிய வழி: 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள மெதுவான அலைகளை நீக்கும் ஃபில்டர்) செய்த நகலில் ஒரு சேனலின் நியமவிலக்கத்தைப் பாருங்கள். 0.00001 முதல் 0.00005 வரை வந்தால் சரி. 10, 50 என்று முழு எண்கள் வந்தால் அலகு தவறு. பின்னால் ‘ரிஜெக்ட்’ வரம்பு (அளவு மீறிய துண்டுகளைத் தள்ளுவது) ஒரு எப்பாக்கையும் (தூண்டலைச் சுற்றி வெட்டிய துண்டு) விடாமல் தள்ளிவிடும்.

கண்ணால் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். ‘ரா பிளாட்’ ஜன்னலில் 20 நொடி, 20 சேனல் என்று வைத்து முழுப் பதிவையும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். தட்டையான கோடு, மற்றவற்றைவிடப் பல மடங்கு குதிக்கும் கோடு, 50 ஹெர்ட்ஸால் தடித்துக் கறுத்த கோடு, மூன்றுமே கெட்ட சேனலின் அடையாளம். சேனல் பெயரைச் சொடுக்கினால் சாம்பலாகும், ‘பேட்ஸ்’ பட்டியலில் சேரும். நோட்புக் இல்லாமல் ஸ்கிரிப்டாக ஓட்டுபவர்கள் ‘பிளாக்’ என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குறிப்பதற்குள் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விடும்.

பேசியது, இருமியது, தலையை ஆட்டியது போன்ற துண்டுகளுக்கு அதே ஜன்னலில் ‘ஏ’ விசையை அழுத்தி, இழுத்துக் குறியுங்கள். குறிப்பின் பெயர் ‘பேட்’ என்று தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் எப்பாக் வெட்டும்போதும் ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டும்போதும் அந்த இடம் தானாக விடுபடும். ‘இருமல்’ என்று மட்டும் எழுதினால் விடுபடாது.

பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் இரண்டு அச்சு அசலாக ஒன்றுபோல ஓடினால் இடையில் ஜெல் வழிந்து இணைந்திருக்கிறது. அலை சுத்தமாகவே தெரியும், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். ‘கம்ப்யூட் பிரிட்ஜ்டு எலெக்ட்ரோட்ஸ்’ அதைக் காட்டிக்கொடுக்கும்.

கெட்ட சேனல்களைக் குறித்த பிறகுதான் சராசரி ரெஃபரன்ஸ். குறித்தவற்றை எம்என்இ சராசரியிலிருந்து ஒதுக்கிவிடும். முன்பே சராசரி எடுத்துவிட்டால், ஒரு கெட்ட சேனலின் குப்பை சாம்பாரில் விழுந்த கூடுதல் உப்பு போல எல்லாச் சேனலிலும் கரைந்துவிடும், பிறகு அந்தச் சேனலைக் குறித்துவிட்டு மீண்டும் சராசரி எடுக்க வேண்டியிருக்கும்.

ஃபில்டர்

தூண்டலுக்கு மூளை தரும் பதிலைப் பார்க்க 0.1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வைப்பது பாதுகாப்பு. 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டால் கோடு இன்னும் நேராகத் தெரியும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் பி300 (தூண்டலுக்குச் சுமார் 300 மில்லிசெகண்ட் கழித்து வரும் பதில்) போன்ற மெதுவான அலைகள் சுருங்கி, அவற்றுக்கு முன்னும் பின்னும் எதிர்த்திசையில் இல்லாத பள்ளங்கள் முளைக்கும். அந்தப் பள்ளத்தை மூளையின் வேலை என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

எம்என்இ-யின் இயல்பான எஃப்ஐஆர் ஃபில்டரில், ஹைபாஸ் 0.1 என்றால் ஃபில்டரின் நீளம் சுமார் 33 நொடி. 1 ஹெர்ட்ஸ் என்றால் 3.3 நொடி. இந்த எண் தெரிந்தால் பல குழப்பங்கள் தீரும். ஒரு நொடி எப்பாக்காக வெட்டிய பிறகு 0.1 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால், சிக்னலைவிட ஃபில்டர் நீளம் என்ற எச்சரிக்கை வரும், வருவது நியாயம்தான். வெட்டுவதற்கு முன், முழுப் பதிவிலும் போடுங்கள். பதிவு செய்யும்போதே முதல் தூண்டலுக்கு முன்னும் கடைசித் தூண்டலுக்குப் பின்னும் அரை நிமிடம் சும்மா ஓட விடுவது இதற்காகத்தான்.

40 ஹெர்ட்ஸ் லோபாஸில் (அதற்கு மேலுள்ள அலைகளை நீக்கும் ஃபில்டர்) சரிவு 50 வரை நீளும், அதற்குள் மின்சார இரைச்சலும் அடங்கிவிடும். தனியாக ‘நாட்ச்’ (ஒரே அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் ஃபில்டர்) வேண்டியதில்லை. 50-க்கு மேலுள்ள காமா அலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் 50, 100, 150 மூன்றிலும் நாட்ச் போடுங்கள்.

ஈவென்ட்

எம்என்இ வழங்கும் ‘சாம்பிள்’ என்ற பயிற்சித் தரவைக் கொண்டு இதைப் பழகலாம். 306 காந்தச் சேனல்களோடு 60 இஇஜி மின்முனைகளும் உள்ள பதிவு அது. இடது வலது காதில் ஒலி, பார்வைப்புலத்தின் இடது வலது பக்கம் சதுரக்கட்டம், நடுநடுவே ஒரு சிரித்த முகம். ‘ஃபைண்ட் ஈவென்ட்ஸ்’ ஓட்டினால் 320 வர வேண்டும்: இடக்காது 72, வலக்காது 73, இடப் பார்வைப்புலம் 73, வலப் பார்வைப்புலம் 71, முகம் 15, பொத்தான் 16. ஒன்று குறைந்தாலும் கோப்பு முழுதாக இறங்கவில்லை அல்லது வேறு கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். உங்கள் சொந்தச் சோதனைக்கும் இதே பழக்கம் வேண்டும்: எத்தனை தூண்டல் கொடுத்தோம் என்பதை முன்பே எழுதி வைத்து, எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

ஈவென்ட் அணியில் மூன்று நெடுவரிசை. முதலாவது சாம்பிள் எண். அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பிள் தரவின் ‘ஃபர்ஸ்ட் சாம்ப்’ 25800, நொடிக்கு 600.61 சாம்பிள் என்பதால், கிட்டத்தட்ட 43 நொடி. தரவு அணியில் நேரடியாக அந்த எண்ணைக் கொண்டு போய்த் தேடினால் 43 நொடி தள்ளி வெட்டுவீர்கள். எம்என்இ-யின் சொந்த எப்பாக் கட்டளை இதைப் பார்த்துக்கொள்ளும். தானே சுழல் எழுதி வெட்டுபவர்கள்தான் விழுவார்கள்.

பயோசெமி கோப்பில் 65 ஆயிரத்துக்கு மேலான விசித்திர எண்கள் வந்தால், மேல் பிட்களில் உள்ள கருவி நிலைத் தகவலும் சேர்ந்து வந்திருக்கிறது. தூண்டல் குறியீடுகள் 8 பிட்டுக்குள் அடங்குமானால் ‘மாஸ்க்’ 255, ‘மாஸ்க் டைப்’ ‘அண்ட்’ என்று கொடுத்து வடிகட்டுங்கள். இடிஎஃப், பிரெயின்விஷன் இரண்டிலும் ட்ரிகர் சேனலுக்கு (தூண்டல் குறியீடுகள் பதிவாகும் சேனல்) பதில் குறிப்புகள் இருக்கும். அங்கே ‘ஈவென்ட்ஸ் ஃப்ரம் அனோடேஷன்ஸ்’ பயன்படும்.

மென்பொருளால் கண்டுபிடிக்கவே முடியாத பிழை ஒன்று உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டம் 16.7 மில்லிசெகண்ட். ட்ரிகர் போன கணத்துக்கும் படம் உண்மையில் ஒளிர்ந்த கணத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு சட்டம் தாமதம் இருக்கும். ஒலி அட்டையில் இன்னும் அதிகமாகவும் இருக்கலாம். போட்டோடயோடை (ஒளி உணரி) ஒருமுறை திரையில் ஒட்டி அளந்து, நிலையான தாமதம் என்றால் ‘ஷிஃப்ட் டைம் ஈவென்ட்ஸ்’ கொண்டு நகர்த்துங்கள். தாமதம் முறைக்கு முறை மாறினால் திருத்த முடியாது, கருவியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கண் சிமிட்டலை எடுத்தல்

ஐசிஏ-வுக்கு 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் செய்த நகல் வேண்டும், மெதுவான மிதப்பு இருந்தால் அது குழம்பும். நகலில் கற்றுக்கொடுங்கள், கிடைத்த விடையை 0.1 ஹெர்ட்ஸ் மூலத்தில் ‘அப்ளை’ செய்யுங்கள். இப்படிச் செய்தால் மேலே சொன்ன பள்ளங்கள் தரவில் வராது.

தரவு போதுமா என்பதற்குப் புழங்கும் தோராயக் கணக்கு: சேனல் எண்ணிக்கையின் வர்க்கத்தை 30-ஆல் பெருக்கிய அளவு சாம்பிள். சாம்பிள் தரவில் ஒரு கெட்ட சேனல் போக 59. தேவை 1,04,430 சாம்பிள், அதாவது 174 நொடி. பதிவு 277 நொடி, போதும். சாம்பிளிங்கைக் கூட்டிவிட்டு இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது, புதிதாக எந்தத் தகவலும் சேராது.

‘என் காம்போனென்ட்ஸ்’ 0.99, ‘ரேண்டம் ஸ்டேட்’ ஏதாவது ஒரு நிலையான எண். இரண்டாவதை விட்டால் ஒவ்வொரு முறையும் கூறுகளின் வரிசை மாறக்கூடும். நேற்று நீக்கிய 0-ஆம் கூறு இன்று வேறொன்றாக இருக்கலாம். கண் சேனல் இருந்தால் ‘ஃபைண்ட் பேட்ஸ் இஓஜி’ தானே தேடும். இல்லாவிட்டால் எஃப்பி1-ஐ அதன் இடத்தில் கொடுக்கலாம். சிமிட்டல் கூறின் வரைபடம் நெற்றியில் மட்டும் அடர்த்தியாக, பின்னால் மங்கலாக இருக்கும். பக்கவாட்டுப் பார்வைக்கு இரு நெற்றிப் பொட்டுகளிலும் எதிரெதிர் நிறம். பெரும்பாலும் இரண்டு, மூன்று கூறுகளை நீக்கினால் போதும். பத்துப் பன்னிரண்டை எடுத்தெறியும் நிலை வந்தால் ஐசிஏ-வை நிறுத்திவிட்டுப் பதிவின் தரத்தைப் பாருங்கள். கெட்ட சேனல்களை ‘இன்டர்போலேட்’ செய்வது இதற்குப் பிறகுதான். இட்டு நிரப்பிய சேனலில் புதுத் தகவல் எதுவும் கிடையாது, முன்பே செய்தால் ஐசிஏ இல்லாத கூறுகளைத் தேடும்.

எப்பாக், சராசரி

தூண்டலுக்கு 0.2 நொடி முன்பிலிருந்து 0.5 நொடி பின்பு வரை வெட்டுங்கள். சாம்பிள் தரவில் தூண்டல்களுக்கு இடைவெளி 0.75 நொடிதான்; இன்னும் நீட்டினால் அடுத்த தூண்டலின் பதில் உள்ளே நுழையும். பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான அடிநிலை) தொடக்கத்திலிருந்து 0 வரை. ‘ரிஜெக்ட்’ வரம்பு 100 முதல் 150 மைக்ரோவோல்ட், வோல்ட்டில் எழுத மறக்காதீர்கள்.

பிறகு ‘பிளாட் டிராப் லாக்’ பார்க்க வேண்டும். ஒரே சேனலால் பாதி எப்பாக்குகள் போயிருந்தால் வரம்பைத் தளர்த்தாதீர்கள், அந்தச் சேனலைக் கெட்டது என்று குறித்து மீண்டும் ஓட்டுங்கள். எல்லாச் சேனலாலும் சமமாகப் போயிருந்தால் அசைவு அல்லது அலகுப் பிழை.

ஈவென்ட் பெயர்களைச் சாய்கோட்டால் பிரித்து, செவி/இடம், செவி/வலம் என்ற பாணியில் வைத்தால், செவி என்று மட்டும் கேட்டாலே இரண்டும் சேர்ந்து வரும். ஒலிக்கான சராசரியில் 100 மில்லிசெகண்ட் அருகே எதிர்மறையாக ஓர் உச்சம், அதுதான் என்100, தலையின் நடு-முன்பகுதியில் தெரிய வேண்டும். எம்என்இ நேர்மறையை மேலே வரையும். பழைய கட்டுரைகள் சிலவற்றில் எதிர்மறைதான் மேலே, ஒப்பிடும்போது தலைகீழாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

சராசரியில் இரைச்சல் எப்பாக் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். 40-இலிருந்து 160-க்குப் போனால்தான் இரைச்சல் பாதியாகும். ஒரு நிலைக்கு 140, இன்னொன்றுக்கு 50 என்று இருந்தால், உச்சத்தின் உயரத்தை ஒப்பிடுவது நியாயமில்லை. இரைச்சல் அதிகமான பக்கம் உச்சம் தானாகவே உயர்ந்து தெரியும். ‘ஈக்வலைஸ் ஈவென்ட் கவுன்ட்ஸ்’ செய்யுங்கள், அல்லது உச்சத்தை விட்டுவிட்டு 80–120 மில்லிசெகண்ட் போன்ற ஒரு ஜன்னலின் சராசரியை எடுங்கள். அந்த ஜன்னலைப் படத்தைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், எந்த நேரத்தில் வித்தியாசம் என்று தெரியாமலே சோதிக்கும் கிளஸ்டர் பெர்மியூட்டேஷன் முறை எம்என்இ-யிலேயே இருக்கிறது.

சேமித்தல்

எம்என்இ சேமிக்கும் ஃபிஃப் வடிவக் கோப்புகளின் பெயர்களுக்கு வால் முக்கியம்: மூலப் பதிவுக்கு ‘_ரா’, எப்பாக்குக்கு ‘-எபோ’, சராசரிக்கு ‘-ஏவ்’. வால் இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும். 2 ஜிபியைத் தாண்டினால் எம்என்இ தானே கோப்பைப் பிளந்து ‘-1’, ‘-2’ என்று வைக்கும். இடம் மாற்றும்போது எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். ஐசிஏ-வையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். எந்தக் கூறுகளை நீக்கினோம் என்பது அதனுள்ளேயே இருக்கும். மூலக் கோப்பு இருக்கும் கோப்புறையை ‘வாசிக்க மட்டும்’ என்று பூட்டிவிட்டு, வெளியீடுகளுக்கு வேறு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓவர்ரைட்’ ட்ரூ என்று எழுதிய ஒரு வரி மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால் மீட்க முடியாது.